இருமலை மிக்ஸ்சரில் அடக்காதீர்கள்!

தோழர்களே! "வெறும் இருமல்தானே, மிக்ஸ்சர் குடிச்சா போயிடும்" என்று சொல்லியே நம் தோட்டங்களில் பலர் காலம் கடத்துகிறார்கள். சிறு செல் நுரையீரல் புற்றுநோய் காத்திருக்காது. வெகு வேகமாகப் பரவும். பெரும்பாலும் புகைபிடிப்போரையே அது பிடிக்கிறது.

அடையாளங்கள் இவை: 3 வாரம் தாண்டியும் நிற்காத இருமல், சளியில் ரத்தம், நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, குரல் கம்மல், காரணமில்லாமல் உடம்பு இளைத்துப்போதல். முகமும் கழுத்தும் வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசநோயிலும் இவற்றில் சில தோன்றும். சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்தால்தான் விளங்கும்.

"ஒருநாள் சம்பளம் போயிடுமே!" என்பீர்கள். டாக்டர் எம்.சி. கொடுத்தால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சர்வீசைப் பொறுத்து ஆண்டுக்கு 14 முதல் 22 நாள் வரை சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளிதான். உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு உயிரை விடலாமா?

நோய் நெஞ்சோடு நிற்கும்போதே கண்டுபிடித்தால் மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் கட்டுப்பட வாய்ப்பு அதிகம். தாய்மார்களே, வீட்டுக்காரர் இருமத் தொடங்கினால் காலண்டரில் தேதியைக் குறித்து வையுங்கள். ஆண்களே, சிகரெட்டை இன்றே விடுங்கள்.