ராஷ்டிரபதிக்கு ஒரே தவணை

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ஐம்பதுகளில் விமானப் பொறியியல் பயின்ற ராமேசுவரத்து இளைஞர் அப்துல் கலாம் 2002-இல் பாரத தேசத்தின் ஜனாதிபதியானார் என்பதையும், அவருக்கு நாற்பதாண்டுகள் முன்னதாக அப்பீடத்தை அலங்கரித்த டாக்டர் ராதாகிருஷ்ணன், 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த கிறிஸ்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்த காலத்தில் அதன் மாணாக்கராயிருந்தார் என்பதையும் இவ்வட்டாரத்தார் பெருமையோடு நினைவுகூரலாம். அவ்விருவரும் ஒரே தவணையோடு ராஷ்டிரபதி பவனத்திலிருந்து விடைபெற்றனர் என்பதே இவ்வாரம் நாம் சிந்திக்க விரும்பும் விஷயம்.

அவர்களை அனுப்பியது சட்டமன்று. இந்தியப் பிரஜையாயிருத்தல், 35 வயது நிரம்பியிருத்தல், லோக்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்படும் யோக்கியதை, சர்க்காரின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகியாமை என்று அரசியல் சாசனத்தின் 58-ஆவது ஷரத்து வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கிறது. வாக்குரிமையுள்ள 50 பேர் முன்மொழியவும் 50 பேர் வழிமொழியவும் வேண்டுமென்கிறது தேர்தல் சட்டம். உள்ளே புக இத்தனை நிபந்தனை விதித்த நாம், வெளியேறுவதற்கு வரம்பு வகுக்கவில்லை. பதவியில் இருப்பவரும் இருந்தவரும் மீண்டும் போட்டியிடலாம் என்கிறது 57-ஆவது ஷரத்து. 1950 முதல் 1962 வரை பதவி வகித்த பாபு ராஜேந்திர பிரசாதுக்குப் பின் எவரும் மறுமுறை தேர்ந்தெடுக்கப்படவில்லை என்பது வெறும் சம்பிரதாயமே.

மந்திரிசபையின் ஆலோசனைப்படி நடக்கும் ஒருவருக்கு வரம்பு எதற்கு என்று கேட்பாருண்டு. எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டாத வேளையில் யாரை ஆட்சியமைக்க அழைப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பு அவருடையதாகிறது. அவரை மறுபடி தேர்ந்தெடுக்கவேண்டியவர்களோ அதே கட்சிகளின் அங்கத்தினர்கள். இன்னொரு தவணையின்மேல் ஆசை வைத்தவர் எத்துணை உத்தமராயினும், அந்த வேளையில் அவர் மனம் ஒரு பக்கம் சாயாதென்று யார் உறுதி கூறமுடியும்?

அக்கரையைப் பாருங்கள். இலங்கையில் எவரும் இருமுறைக்கு மேல் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்படலாகாது என்று 1978-ஆம் ஆண்டு யாப்பு விதித்திருந்த வரம்பை, இரண்டாம் முறை வென்றிருந்த மகிந்த ராஜபக்சவின் ஆட்சி, 2010-இல் பதினெட்டாம் திருத்தத்தால் நீக்கியது. மூன்றாம் முறை நின்ற அவரை 2015 ஜனவரியில் மக்கள் தோற்கடித்தபின், பத்தொன்பதாம் திருத்தம் அவ்வரம்பை மீட்டதோடு, வயதுத் தகுதியை 30-இலிருந்து 35 ஆக உயர்த்தி, இரட்டைப் பிரஜாவுரிமை உடையோருக்கும் கதவடைத்தது; அக்கதவை 2020-இல் திறந்தார்கள், 2022-இல் மறுபடி சாத்தினார்கள். தலைவர்களின் முகம் பார்த்து விதி வகுத்ததால் விளைந்த சீர்கேடு இது. அமெரிக்காவிலும் வாஷிங்டன் தொடங்கிவைத்த இருதவணை வழக்கம் ரூஸ்வெல்ட் காலத்தில் உடைந்தபின்னரே, 1951-இல் சட்டமாயிற்று.

நாம் உடையும்வரை காத்திராமல், எவர் முகத்தையும் மனத்தில் கொள்ளாது இவ்விதியை எழுதிவிடவேண்டும். ஒருமுறை ஜனாதிபதியாயிருந்தவர் மறுமுறை நிற்கலாகாது என்று 57-ஆவது ஷரத்தைத் திருத்தப் பார்லிமெண்டின் இரு சபைகளிலும் விசேஷப் பெரும்பான்மை போதும். ராஜ்யங்களின் அங்கீகாரம்கூடத் தேவையில்லை. தாம்பரமும் பல்லாவரமும் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர்த் தொகுதியின் வாசகர்களே, உங்கள் லோக்சபை உறுப்பினர் அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வரும்போது, சாலையையும் சாக்கடையையும் பற்றிக் கேட்பதோடு, இத்திருத்தத்தை ஆதரிப்பாரா என்றும் கேளுங்கள்.