வெள்ளை ஹெல்மெட்டும் ஒரு முழம் பட்டியும்

கௌரவ போக்குவரத்து அமைச்சர் அவர்களுக்கு,

பஸ் பள்ளத்தில் விழுந்தால் நாடு ஒரு நாள் நின்று பார்க்கும். 2025 மே 11ஆம் திகதி அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டபோது அப்படித்தான் பார்த்தது. மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. அவர் ஏதோ ஒரு சந்தியில் தனியாக விழுகிறார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஜனாஸா அறிவித்தல் வருகிறது, பத்திரிகையில் நான்கு வரி வருகிறது, அதோடு சரி. இலங்கை வீதிகளில் ஆண்டுக்கு 2000க்கு மேற்பட்ட உயிர்கள் போகின்றன. அதில் பெரிய பங்கு எங்களைப் போல இரண்டு சில்லில் போகிறவர்களுடையது. பதிவான வாகனங்களில் பாதிக்கு மேல் மோட்டார் சைக்கிள்களாக இருக்கும் நாட்டில் இது யாருக்கும் புதுச் செய்தியல்ல.

நான் எழுத வந்தது வேகத்தைப் பற்றியோ மதுபோதையைப் பற்றியோ அல்ல. அவற்றுக்குச் சட்டமும் பொலிஸும் இருக்கின்றன. ஓட்டுகிறவர் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறாரா என்பதைப் பற்றி எழுதுகிறேன்.

நற்பிட்டிமுனையை நீங்கள் அறியாமல் இருக்கலாம். கல்முனை மாநகர சபைக்குள், கடற்கரைப் பிரதான வீதிக்கு மேற்கே, முஸ்லிம்களும் தமிழர்களும் பக்கம் பக்கமாக வாழும் ஊர். எங்களுக்கு அப்பால் சேனைக்குடியிருப்பு, அதற்கும் அப்பால் கிட்டங்கி, தண்ணீரைத் தாண்டினால் நாவிதன்வெளிப் பக்கத்து வயல் வட்டைகள். மாரியில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். மற்றக் காலத்தில் மோட்டார் சைக்கிள் பாயும். விடியப் புறப்பட்டு வட்டைக்குப் போகிறவர், மஃரிபுக்குத் திரும்புகிறவர், கல்முனைக்கு டியூஷனுக்குப் பிள்ளையை ஏற்றிப்போகிற தாய், ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடிந்து வருகிற தாதி என்று எல்லாரும் இரண்டு சில்லில்தான்.

பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு கிட்டங்கிக்குப் போகும் வீதியில் மேற்குப் பார்த்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கவேண்டும். சூரியன் நேரே கண்ணில் விழும். எதிரே வருகிற மோட்டார் சைக்கிள் அந்த வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு கறுப்புக் கோடு. அவர் என்ன நிறம் உடுத்தியிருந்தாலும் பயன் இல்லை, நிறமே தெரியாது. அந்த நேரத்தில் அவரைக் காட்டிக்கொடுப்பது முன்விளக்கு ஒன்றுதான். ஆனால் எங்கள் பக்கத்தில் பகலில் லைட் எரிந்தால் எதிரே வருகிற ஒவ்வொருவரும் விரல்களை விரித்து மூடிச் சைகை காட்டுவார்கள்: "லைட் எரியுது, நிப்பாட்டுங்க." நல்ல மனத்தோடு செய்கிற காரியம், நன்றி சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த நல்ல மனம்தான் ஒவ்வொரு நாளும் ஆயிரம் விளக்கை அணைத்துவைக்கிறது.

மலேசியா 1992இலேயே மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் விளக்கெரிய ஓடவேண்டும் என்று சட்டம் போட்டது. இந்தியாவில் 2017 ஏப்ரல் 1 முதல் வெளிவரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்வரை விளக்கும் எரிய வேண்டும், அணைக்கச் சுவிட்சே இருக்கக் கூடாது. எங்கள் வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் இந்திய வண்டிகள். ஆனால் 2020 தொடக்கம் 2025 வரை இறக்குமதி நின்றுபோனதால் பழைய வண்டிகளைத் தட்டிக்கொட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அவற்றில் சுவிட்ச் இருக்கிறது, பழக்கமும் இருக்கிறது. இதற்குச் சட்டத்தைவிட முதலில் தேவை ஒரு பிரசாரம். அந்தக் கைச்சைகையை நிறுத்தச் சொல்லி வானொலியில் சிங்களத்திலும் தமிழிலும் ஒரு மாதம் சொன்னால் போதும்.

இனி உடுப்புக்கு வருகிறேன். நியூசிலாந்தின் ஓக்லாந்தில் செய்த ஆய்வொன்று 2004இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. விபத்தில் காயப்பட்ட அல்லது இறந்த 463 ஓட்டுநர்களை, அதே பிரதேச வீதிகளில் ஓடிக்கொண்டிருந்த 1233 பேரோடு ஒப்பிட்டார்கள். ஒளிரும் நிறத்திலோ ரிஃப்ளெக்டர் வைத்தோ ஏதாவது உடுத்தியிருந்தவர்களுக்கு ஆபத்து 37 வீதம் குறைவு. பகலில் விளக்கெரிய ஓடியவர்களுக்கு 27 வீதம் குறைவு. கறுப்பு ஹெல்மெட்டோடு ஒப்பிட்டால் வெள்ளை ஹெல்மெட் போட்டவர்களுக்கு 24 வீதம் குறைவு. சாதாரணச் சட்டையின் நிறத்துக்கோ வண்டியின் நிறத்துக்கோ அப்படி ஒரு தொடர்பும் காணவில்லை. வெள்ளை ஹெல்மெட் வாங்குகிற மனிதர் இயல்பிலேயே நிதானமானவராக இருக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இப்படியான ஆய்வுகள் எல்லாவற்றிலும் அந்தச் சந்தேகம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டேயிருக்கும். ஆனாலும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் கடையில் விலை ஒன்றுதானே. செலவில்லாத மருந்தைக் குடிக்க எவ்வளவு ஆதாரம் வேண்டும்?

கல்முனைக் கடைகளில் ஹெல்மெட் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது மினுக்கமில்லாத கறுப்பு. பெடியன்களுக்கு அதுதான் பிடிக்கும். வெள்ளை கேட்டால் "அழுக்குப் பிடிக்குமே" என்பார்கள்.

உங்கள் அரசாங்கத்துக்கு முந்தியவர்களும் ஹெல்மெட்டில் கைவைத்தார்கள். 2015இல் முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டைத் தடை செய்யப் பொலிஸார் புறப்பட்டார்கள், கொள்ளைக்காரர் முகத்தை மறைக்கிறார்கள் என்பது காரணம். மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு கொடுத்து அதை நிறுத்தியது. தாடையைக் காக்கிற ஒரே ஹெல்மெட் அந்த வகைதான் என்பது அப்போது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. முகத்தைக் காட்டு என்ற கட்டளை 2019இல் எங்கள் பெண்களுக்கு முகத்திரைத் தடை என்ற வடிவில் வந்தது, அது வேறு கதை. ஓட்டுகிறவரின் முகத்தைப் பொலிஸ் பார்க்கவேண்டும் என்பதில் காட்டிய அக்கறையில் பாதியை, அவரின் முதுகை லொறிச் சாரதி பார்க்கவேண்டும் என்பதிலும் காட்டுங்கள் என்று கேட்கிறேன். பிரான்ஸில் ஒவ்வொரு ஹெல்மெட்டிலும் முன்னும் பின்னும் இரு பக்கமும் ரிஃப்ளெக்டர் துண்டு இருக்கவேண்டும் என்பது சட்டம். நமது ஹெல்மெட் தரம் எஸ்.எல்.எஸ். 517. அந்த முத்திரையோடு இனி வருபவற்றில் இந்த நான்கு துண்டையும் கட்டாயமாக்கினால், எங்கள் பெடியன்கள் கறுப்பையே வாங்கினாலும் இரவில் தெரிவார்கள்.

நானும் அபாயா அணிந்து ஸ்கூட்டி ஓட்டுகிறவள். எங்கள் பகுதிப் பாடசாலை வாசல்களில் காலையில் நின்று பாருங்கள், ஆசிரியைகள் வரிசையாகக் கறுப்பில் வந்து இறங்குவார்கள். பகலில் அதனால் பெரிய குறை இல்லை. றமழானில் தராவீஹ் முடிந்து திரும்பும் நேரத்தில்தான் கணக்கு மாறுகிறது. வெள்ளை ஜுப்பா போட்ட மனிதர் தூரத்திலேயே தெரிவார். அவருக்குப் பின்னால் வரும் மனைவி இருட்டோடு இருட்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு செக்கனில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். சாரதி கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரைச் செக்கன் என்றால் அதிலேயே 25 மீட்டர் போய்விட்டது. நிற்க இன்னும் 20 மீட்டர், அதுவும் காய்ந்த வீதியில். தாழ்த்திய விளக்கில் கறுப்பு உடுத்தவர் பெரும்பாலும் 30 மீட்டருக்குள் வந்த பிறகே கண்ணில் படுவார். நல்ல ரிஃப்ளெக்டர் பட்டி 100 மீட்டருக்கு அப்பாலேயே மின்னும்.

பின்விளக்கு இருக்கிறதே என்பீர்கள். எங்கள் பழைய வண்டிகளின் பின் பல்ப் குலுக்கத்தில் எப்போது போனது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. சந்தியில் குறுக்கே கடக்கும்போது முன்விளக்கும் பின்விளக்கும் பக்கவாட்டில் வருகிறவருக்குச் சரியாகத் தெரியாது. அங்கே உதவுவது கணுக்காலில், கையில், பையின் விளிம்பில் உள்ள பட்டிதான்.

இதற்காக அபாயாவைக் கழற்றச் சொல்லி யாரும் வரவேண்டியதில்லை. தோளிலிருந்து இடுப்புவரை குறுக்கே போடும் ஒரு வார்ப்பட்டி, ஹெல்மெட்டின் பின்னால் ஒரு துண்டு, தோல்பையில் ஒரு துண்டு. பக்கத்து ஊர் மருதமுனை நெசவுக்குப் பேர் போனது. தைக்கத் தெரிந்த கைகள் எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. உலகத்துக்கே உடுப்புத் தைத்து அனுப்பும் நாடு இது. கிடைக்காதது தரமான பட்டி மட்டும்.

கடையில் விற்கும் எல்லாப் பட்டியும் பட்டியல்ல. நிறத்துணியும் வெள்ளிப் பட்டியும் ஒரே வேலை செய்பவை என்றே பலர் நினைக்கிறார்கள். கண்ணைப் பறிக்கும் அந்த எலுமிச்சை மஞ்சளும் செம்மஞ்சளும் வெயிலில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரை வாங்கித் தெரியும் ஒளியாக்கித் தருபவை. பகலிலும் மம்மலிலும் அவற்றுக்கு நிகர் இல்லை. இரவில் வாகன விளக்கில் அந்தக் கதிர் மிகக் குறைவு என்பதால் அவை வெறும் துணி. வெள்ளிப் பட்டியில் இருப்பது நுண்ணிய கண்ணாடி மணிகள். விளக்கு எங்கிருந்து வந்ததோ அங்கேயே ஒளியைத் திருப்பி அனுப்பும். அதனால் பகலில் அது வெறும் சாம்பல் நிறம். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்ற கதையே இல்லை. வாங்கும்போது கைத்தொலைபேசி டோர்ச்சைக் கண்ணோரம் பிடித்து இருபது அடி தள்ளி நின்று பாருங்கள். உண்மையானது நெருப்புப் போல எரியும், போலி மங்கலாகக் கிடக்கும். டோர்ச்சை இடுப்பில் பிடித்தால் நல்லதும் மங்கலாகத்தான் தெரியும், அதை வைத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகக் கூடாது.

நிறத்திலும் ஊருக்கு ஊர் கணக்கு உண்டு. ஐரோப்பாவின் சாம்பல் நிற நகரத்துக்குப் பொருந்தும் எலுமிச்சை மஞ்சள், மார்கழியில் எங்கள் வட்டை வீதியில் இளம் பச்சை வயலோடு கலந்துபோகும். பின்னணியோடு முரண்பட்டால்தான் கண் பிடிக்கும். எங்களுக்குச் செம்மஞ்சள் நல்லது. கொழும்பில் இருந்து எல்லா மாவட்டத்துக்கும் ஒரே நிறத்தை அறிவித்துவிடாதீர்கள். அரசு ஊழியர்களுக்கு ஒளிரும் மேலுடுப்பு கொள்வனவு செய்வதானால் ஐஎஸ்ஓ 20471 தரத்தின் இரண்டாம் வகுப்பைக் கேளுங்கள். அரைச் சதுர மீட்டர் ஒளிர்துணியும் 0.13 சதுர மீட்டர் பட்டியும் இருக்கவேண்டும் என்கிறது அது. எங்கள் வெயிலில் அந்த நிறம் வெளிறிவிடும் என்பதால் மாற்றிக் கொடுக்கவும் பணம் ஒதுக்குங்கள்.

ஜக்கட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணுக்குத் தெரிவது வேறு, விழுந்தால் காப்பது வேறு. மெல்லிய வெஸ்ட் ஒன்று தோலைக் காக்காது. முழங்கையிலும் தோளிலும் திண்டு வைத்த வலை ஜக்கட் கச்சான் வீசும் ஆடி மாதத்திலும் தாங்கக்கூடியது. அதன் விலை ஒரு நாட்கூலிக்காரருக்குத் தாங்காது. வரியில் ஏதாவது செய்ய முடிந்தால் செய்யுங்கள். முடியாவிட்டால் சாரமும் செருப்புமாகப் போகிறவரிடம் அதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு, நாளைக்கே ரிஃப்ளெக்டர் வெஸ்ட் இல்லாதவருக்குத் தண்டம் என்று வர்த்தமானி போட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் முக்கியமான வேண்டுகோள். பிரான்ஸில் 2016 முதல் ஒவ்வொரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் வெஸ்ட் ஒன்றை வண்டியில் வைத்திருக்கவேண்டும். வைத்திருக்கத்தான் சட்டம், வண்டி பழுதாகி நிற்கும்போது போட. இங்கே அப்படி ஒன்று வந்தால் மலிவு வெஸ்ட் வியாபாரம் கொழிக்கும், சந்தியில் தண்டத்துண்டு எழுதப்படும், பட்டி மங்கலா என்று எந்தப் பொலிஸ்காரரும் பார்க்கமாட்டார். ஹெல்மெட், மழைக்கோட்டு, பாடசாலைப் பை என்று மக்கள் எப்படியும் வாங்கும் பொருளிலேயே பட்டி வந்துவிடட்டும். கறுப்பு மழைக்கோட்டை எங்கள் மாரியில் விற்க விடுவதே அதிசயம்.

தண்டம் எழுதத்தான் வேண்டுமென்றால் எங்களுக்கு முன் எழுத வேண்டியவர்கள் இருக்கிறார்கள். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் நெல் மூடையோடு இரவில் நகரும் உழவு இயந்திரப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இருப்பதில்லை. லேண்ட் மாஸ்டர் என்ற இரு சில்லு உழவு இயந்திரத்துக்கோ பின்விளக்கு என்ற ஒன்றே கிடையாது. மோட்டார் சைக்கிள்காரர் தலை முதல் கால் வரை மின்னினாலும், அவர் போய் மோதுகிற பெட்டி இருட்டாக இருந்தால் என்ன செய்வது? ஆனால் வயல் சொந்தக்காரரான போடியாருக்குத் தண்டம் போட்டு முறைத்துக்கொள்வதைவிடப் பட்டியைக் கையில் கொடுப்பது மலிவு. பெட்டிக்கு ஒரு முழம் சிவப்புப் பட்டி போதும். கமநல சேவை நிலையங்களில் விவசாயிகளின் பெயர்ப் பட்டியல் உரமானியத்துக்காக ஏற்கெனவே இருக்கிறது. அது உங்கள் அமைச்சு அல்ல என்பது தெரியும், ஆனால் அமைச்சரவையில் ஒரே மேசைதானே. பெரும்போக வெட்டு மாசியில் மும்முரமாகும். அதற்கு முன்னர் அம்பாறை மாவட்டத்துக்காவது அந்தப் பட்டி வந்து சேர்ந்தால், மற்றக் கோரிக்கைகளை அடுத்த மடலில் நினைவூட்டுகிறேன்.

இப்படிக்கு,
நற்பிட்டிமுனையிலிருந்து
ஸ்கூட்டி ஓட்டும் ஓர் ஆசிரியை