படம் பிடிக்கும் முன் கைகூப்புவோம்

விடுமுறையில் துணைவியாருடன் தமிழகம் சென்று, சோழர் கால ஆலயங்களைப் படமெடுத்து வரும் அன்பர்கள் நம்மிடையே உள்ளனர். நல்ல காரியமே. ஆயினும் புறப்படுமுன் ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்.

உதிரி மின்கலங்களைக் கைப்பையில்தான் விமானத்தில் கொண்டுசெல்ல வேண்டும் என்பதை அறிந்து வைத்திருக்கும் நாம், ஆலய ஒழுங்கையும் அறிந்து செல்ல வேண்டாமா? கருவறையைப் படமெடுத்தல் கூடாது. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யுமாறு 2022ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது.

தாராசுரத்து நாயன்மார் சிற்பங்கள் மிகச் சிறியவை. காலை, மாலைச் சாய்வெயிலில்தான் அவற்றின் வடிவு துலங்கும். பூசை வேளையும் அதுவே. சென்ற பயணத்தில் அந்த வெயிலின் பின்னே சென்ற நான், தீபாராதனையைத் தவறவிட்டேன். என் மனைவி தனியே நின்று வணங்கினார். "படத்தில் விமானம் இருக்கிறது, நாம் சேர்ந்து கும்பிட்டது எங்கே?" என வீடு திரும்பியபின் அவர் கேட்டார். ஆலயச் செயலாளரான என்னிடம் விடையில்லை.

ஆகவே, பயணத் திட்டத்தைக் கணவனும் மனைவியும் சேர்ந்தமர்ந்து எழுதுங்கள். ஒவ்வோர் ஆலயத்திற்கும் இரு வேளை ஒதுக்குங்கள்: முதல் வேளை வழிபாட்டிற்கு, மறுவேளை படத்திற்கு. காணும் ஆலயங்களின் எண்ணிக்கை குறையலாம், பயன் குறையாது.

வரும் தை மாதம் நாங்களும் அவ்வாறே புறப்படுகிறோம். முதல் வேளையில் என் புகைப்படக் கருவி விடுதி அறையிலேயே இருக்கும்.