பாப்பாரப்பட்டிப் பூட்டு

எங்கள் ஓய்வூதியர் வாட்ஸ்அப் குழுவில் 2025 ஜூலையில் ஒரு சண்டை. ஜூலை 23 சுப்பிரமணிய சிவா நினைவு நாள். 1925ல் நம் பாப்பாரப்பட்டியில்தான் உயிர் விட்டார், 2025ஓடு நூறு வருஷம். காலையில் அவர் படத்தைப் போட்டு நாலு வரி எழுதினேன். பத்து நிமிஷத்தில் நண்பர் ஒருவர் (ஒரே தாலுகா அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசையில் ஆறு வருஷம் உட்கார்ந்தவர்) ஒரு பார்வர்டைத் தள்ளிவிட்டார். சிவா இந்துக்களுக்காக வாழ்ந்தவராம். அவர் கனவு கண்ட பாரத மாதா கோயிலை இந்து விரோதிகள் பூட்டி வைத்தார்களாம். பூட்டை உடைத்தவர்கள்தான் அவருக்கு உண்மையான வாரிசாம். நான் பதில் போட்டேன், அவர் பதிலுக்குப் பதில் போட்டார். மதியத்துக்குள் நான் சாமி கும்பிடாத கூட்டத்தில் சேர்ந்துவிட்டேன். அட்மின் "அரசியல் வேண்டாம் அய்யாமார்களே" என்று கும்பிடு பொம்மை போட்டு முடித்து வைத்தார்.

அங்கே பாதியில் நின்றதை இங்கே எழுதிவிடுகிறேன். இங்கே அட்மின் நான்தான்.

முதலில் ஒன்று. நான் சாமி கும்பிடுகிறவன். சஷ்டி விரதம் நாற்பது வருஷமாக விட்டதில்லை. குமாரசாமிப்பேட்டை தைப்பூசத் தேரில் பெண்கள் வடம் பிடித்து இழுப்பதைப் பார்த்து இன்றைக்கும் கண் கலங்குகிறவன். ஆகவே 'நாத்திகன் பேசுகிறான்' என்று யாரும் பக்கத்தை மூடிவிட வேண்டாம்.

சிவா காவி கட்டியவர்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. சந்நியாசம் வாங்கிக்கொண்டு சுதந்திரானந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டவர், வேதாந்தம் பேசியவர். வத்தலக்குண்டில் பிறந்து, 1908ல் வ.உ.சி.யோடு சிறைக்குப் போய், அங்கிருந்து தொழுநோயோடு வெளியே வந்தார். தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைக்காரன் தடுத்தபோது, உடம்பெல்லாம் புண்ணோடு கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனார். கடைசியில் நம் பாப்பாரப்பட்டிக்கு வந்து ஆசிரமம் வைத்தார். பாரத மாதாவுக்கு ஒரு கோயில் கட்ட நினைத்தார். 1923ல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். சாதி, மதம் பார்க்காமல் எல்லோரும் வந்து நிற்க ஓர் இடம் என்பதுதான் அவர் எண்ணம். கட்டி முடிக்க ஆயுசு இல்லை, நாற்பத்தொரு வயதுகூட நிறையவில்லை.

தொட்டால் தீட்டு, மூச்சுப் பட்டால் தீட்டு என்று ஊரே ஒதுக்கிய உடம்பு அது. யாரையும் வெளியே நிறுத்தாத கோயில் வேண்டும் என்று அந்த மனுஷருக்குத் தோன்றியதில் என்ன ஆச்சரியம்?

அரசு பின்னாளில் அங்கே பாரத மாதா நினைவாலயம் கட்டியது. 2022 ஆகஸ்ட் 11ஆம் தேதி, சுதந்திரத்தின் 75ஆவது ஆண்டை ஒட்டி, பாஜக மாநிலத் துணைத் தலைவர் கே.பி. ராமலிங்கம் ஆட்களோடு பாதயாத்திரையாகப் போனார். மணிமண்டபத்தில் சிவாவுக்கு மாலை போட்டாயிற்று. நினைவாலயம் பூட்டியிருந்தது. பூட்டை உடைத்து உள்ளே போய் பாரத மாதாவுக்கும் மாலை போட்டார்கள். வழக்கு, ராசிபுரத்தில் கைது, ஆர்ப்பாட்டம், டிவி விவாதம் எல்லாம் நடந்தது. நினைவாலயம் என்ற பெயரைக் கோயில் என்று மாற்றச் சொல்லிக் கோரிக்கையும் வந்தது.

அந்தக் கதவைப் பூட்டி வைத்திருந்தது தவறு என்பது என் கட்சி. அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் இருந்தவன் சொல்கிறேன், நம் ஆட்களுக்கு எதையாவது கட்டித் திறந்துவிட்டு உடனே பூட்டுப் போட்டால்தான் நிம்மதி. ஆனால் பூட்டியிருந்தால் கலெக்டருக்கு மனு கொடுக்கலாம், வாசலில் உட்காரலாம், சூடம் ஏற்றலாம். கேமரா முன்னால் பூட்டை உடைப்பவருக்குத் தேவை மாதா தரிசனமா, உடைகிற பூட்டா?

இந்தக் கேள்வி எனக்கு 2022ல் வந்ததில்லை. தொண்ணூறுகளிலேயே வந்தது. என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், அதற்கு முன்னால் சதுர்த்தி நம் பக்கம் வீட்டுப் பண்டிகை. அச்சில் அடித்த களிமண் பிள்ளையாரை மனைப்பலகையில் வாங்கி வந்து, எருக்கம்பூ மாலை போட்டு, குடை குத்தி, கொழுக்கட்டை படைத்து, மூன்றாம் நாள் கிணற்றில் விடுவோம். பையன்கள் வயிற்றுக் காசுக்காகச் சண்டை போடுவார்கள். 1980ல் இந்து முன்னணி தொடங்கியது. அப்புறம் சென்னையில் ஆரம்பித்த பெரிய பிள்ளையார், கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கமும் லாரி ஏறி வந்தார். ஒகேனக்கல் வரை ஊர்வலம் நீண்டது.

பெரிய பிள்ளையார் வந்தால் அமைதிக் குழுக் கூட்டமும் வரும். ஆர்.டி.ஓ. தலைமை, டி.எஸ்.பி. பக்கத்தில், இரண்டு தரப்பு, நடுவில் டீ, பிஸ்கட். மினிட்ஸ் எழுதுவது என் வேலை. ஓர் ஊரில் (ஊர் பெயர் வேண்டாம், இப்போது அமைதியாக இருக்கிறது) சிலை வைத்த இடத்திலிருந்து ஏரிக்கு நேர் ரோடு இருந்தது. ஆனால் ஊர்வலம் பள்ளிவாசல் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போகும் என்றார்கள். அதுவும் சாயங்காலத் தொழுகை நேரத்தில். முத்தவல்லி வயதானவர், எங்கள் அலுவலகத்துக்குப் பட்டா விஷயமாக அலைந்தவர். "புள்ளையார் எங்க தெருவுக்கு வரட்டுங்க, அது ஊர்த் தெரு. பள்ளி முன்னால மட்டும் மேளத்தைக் கொஞ்சம் நிறுத்திக்கட்டும், அரை மணிதான்" என்றார். எதிர்ப்பக்கம் இருந்த இளைஞர் எழுந்து, "அங்க நின்னுதான் அடிப்போம்" என்றார். அந்த வாக்கியத்தை மினிட்ஸில் எப்படி எழுதுவது என்று ஆர்.டி.ஓ. முகத்தைப் பார்த்தேன். 'பாதை குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதச் சொன்னார்.

அந்த ஊர்வலம் போக விரும்பிய இடம் ஏரி இல்லை என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். பிள்ளையாருக்கும் தெரிந்திருக்கும்.

சரி, இதெல்லாம் இந்து மதத்தைக் காப்பாற்றத்தான் என்கிறார்கள். எந்த இந்து மதத்தை? 2003 ஆகஸ்டில் ஜெயலலிதா அரசு, 1950ஆம் வருஷத்து உயிர்ப்பலித் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தது. கோயிலில் ஆடு, கோழி வெட்டக்கூடாது. பி.அக்ரகாரம் முனியப்பனுக்கும், நம் ஏரிக்கரை, வயல்வெளிச் சாமிகளுக்கும் படையலே அதுதான். உத்தரவு வந்தபின் ஒரு கிராமத்துக்கு ஜீப்பில் போய்த் தடுத்தவர்களில் நானும் ஒருவன். ஒரு கிழவி என்னைப் பார்த்து, "கறி வேணாம்னு சாமி உங்ககிட்ட வந்து சொல்லிச்சா சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதற்கு முந்தைய வருஷம்தான் மதமாற்றத் தடைச் சட்டமும் வந்திருந்தது. 2004 பிப்ரவரியில் பலித் தடை போயிற்று. மே மாதம் நாற்பது தொகுதியும் தோற்றபின் மதமாற்றத் தடையும் போயிற்று. இரண்டையும் கொண்டுவந்தது பாஜக இல்லை, அண்ணா பெயரை வைத்திருக்கிற கட்சி.

நான் சொல்ல வருவது இதுதான். நம் மாவட்டத்தில் அவர்கள் ஜெயிக்கவில்லை என்று நண்பர்கள் சமாதானம் சொல்கிறார்கள். ஜெயிக்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் மாவட்டத்தின் ஐந்து தொகுதியும் அவர்கள் இருந்த கூட்டணிக்குப் போயிற்று, அதிமுகவுக்கு மூன்று, பாமகவுக்கு இரண்டு. பாஜக ஒன்றில்கூட நிற்கவில்லை. மற்றவர்கள் அவர்கள் பாட்டுக்கு ஆடத் தொடங்கினால் போதுமே. 2025 ஜூனில் மதுரையில் இந்து முன்னணி நடத்திய முருக பக்தர்கள் மாநாட்டுக்கு அதிமுக முன்னாள் அமைச்சர்கள் போய் உட்கார்ந்தார்கள். அங்கே பெரியாரையும் அண்ணாவையும் தாக்கி வீடியோ ஓடியது. திமுக மட்டும் என்ன? 2024 ஆகஸ்டில் பழனியில் அரசே முருகன் மாநாடு நடத்தியது. என் முருகனுக்கு இத்தனை வருஷம் மாநாடு தேவைப்படவில்லை. இப்போது இரண்டு பக்கமும் போட்டி போட்டு மேடை போடுகிறார்கள்.

எதிர்க்கிறேன் என்று சொல்கிறவர்களும் சில நேரம் அவர்களுக்கே விருந்து வைக்கிறார்கள். 2022 ஜூலையில் ஆலாபுரம் ஏரிப் பணிக்குப் பூமி பூஜை போட்டபோது, அப்போதைய எம்.பி. செந்தில்குமார் அதிகாரியைப் பிடித்துக்கொண்டார். அரசு விழாவில் ஒரு மதத்துப் பூஜை மட்டும் ஏன், பாதிரியார் எங்கே, இமாம் எங்கே, திராவிடர் கழகம் எங்கே என்று கேட்டார். கேள்வி சரி. (என் காலத்தில் எத்தனையோ பூமி பூஜைக்குத் தேங்காய், எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தவன் நான், தலை குனிந்துதான் ஒப்புக்கொள்கிறேன்.) ஆனால் கேமராவுக்கு முன்னால் ஓர் இன்ஜினீயரை நிற்க வைத்துக் கேட்டது எனக்குப் பிடிக்கவில்லை. 2023 டிசம்பரில் பாராளுமன்றத்தில் வட மாநிலங்களைப் பற்றி அவர் சொன்ன சொல் அதைவிட மோசம், மன்னிப்பும் கேட்டார். பூட்டு உடைத்தவர்கள் ஒரு வருஷம் உழைத்துச் சேர்க்கிற ஆதரவை அந்த ஒரு சொல் ஒரே நாளில் சேர்த்துக் கொடுத்தது.

இந்து ஒற்றுமை என்கிறார்களே, அதற்கும் நம் மாவட்டத்தில் ஒரு தேதி இருக்கிறது. 2012 நவம்பர் 7. நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி. ஒரு பெண்ணும் பையனும் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக 250க்கும் மேற்பட்ட வீடுகள் எரிந்தன. எரித்தவர்கள் வீட்டில் முருகன் படம் இருந்தது. எரிந்த வீடுகளில் இல்லாமலா இருந்திருக்கும்? 'இந்துவுக்கு ஆபத்து' என்று யாரும் பூட்டு உடைத்த வேகத்தில் அந்தத் தெருவுக்கு ஓடி வந்ததாக எனக்கு நினைவில்லை. அங்கே எதிரி வேறு மதக்காரன் இல்லையே.

அடுத்து பொம்மிடி. 2024 ஜனவரி 8. 'என் மண் என் மக்கள்' யாத்திரையில் வந்த அண்ணாமலை, பி.பள்ளிப்பட்டி லூர்து மாதா கோயிலுக்கு மாலை போடப் போனார். மணிப்பூரில் சர்ச்சுகள் எரிந்ததைச் சொல்லி அந்த ஊர் இளைஞர்கள் சிலர் உள்ளே வர வேண்டாம் என்றார்கள். கோயில் எல்லோருக்கும் பொது என்று அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அத்தோடு விட்டாரா? சர்ச் உங்கள் பெயரிலா இருக்கிறது என்றார். பத்தாயிரம் பேரைக் கூட்டி வந்து தர்ணா உட்கார்ந்தால் என்ன செய்வீர்கள் என்றார். போலீஸ் இளைஞர்களை விலக்கியது, மாலையும் போட்டாயிற்று. பிறகு வழக்குப் பதிவானது. எனக்கு அந்த அமைதிக் குழுக் கூட்டம்தான் ஞாபகத்துக்கு வந்தது. வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற இந்துக்கள் நம் ஊரிலேயே எத்தனை பேர்! அவர்களை எந்த மாதா கோயில் வாசலில் யார் தடுத்தார்கள்? அவர்கள் யாரும் பத்தாயிரம் பேர் கணக்குச் சொல்லி உள்ளே போனதில்லை.

அந்த வீடியோ அன்று இரவே எங்கள் குழுவுக்கும் வந்தது. நாலைந்து சிரிப்புப் பொம்மைகள். "நல்லா கேட்டாரு" என்று ஒருவர். எங்கள் குழுவில் அந்தப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், கிறிஸ்தவர். என் பெண் கல்யாணத்தில் பந்தி முடியும் வரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாம்பார் வாளியோடு நின்றவர். மறுநாள் காலை பார்த்தால், அவர் குழுவை விட்டு வெளியேறியிருந்தார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம்.

இந்தச் சண்டைக்குப் பிறகு வெட்கத்தை விட்டு அவருக்கு போன் போட்டேன். மூட்டு வலி, பேரன் படிப்பு, மழை இல்லாதது எல்லாம் பேசினார். குழுவில் மறுபடி சேரச் சொல்லி அட்மினிடம் பேசட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"விடுங்க சார். பென்ஷன், டி.ஏ. பத்தி ஏதாவது ஆர்டர் வந்தா மட்டும் எனக்குத் தனியா அனுப்பிடுங்க" என்றார்.

நேற்று மருத்துவக் காப்பீடு சம்பந்தமாக ஒன்று வந்தது. அனுப்பினேன்.