மடக்கிய கால்



2025இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்துவிட்ட செஞ்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு நேரே ஊர் திரும்புகிறவர்கள்தான் அதிகம். நானும் பல வருடம் அப்படித்தான். இந்த முறை அதன் பக்கத்திலுள்ள பனமலைக்கும் போனேன். ஏரியை ஒட்டி ஒரு குன்று. அதன்மேல், எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீஸ்வரர் கோயில். வடமொழியில் தாளம் என்றால் பனை, ஆகவே பனமலை தாளகிரி. எனக்கென்னவோ அந்தப் பெயரில் ஜதிதான் கேட்டது.

அங்கே ஒரு சிற்றறைச் சுவரில் பல்லவர் கால ஓவியம் இருக்கிறது. சிவன் ஆட, உமை பார்க்கிறாள். ஆடியவன் பெரும்பாலும் அழிந்துபோனான். பார்த்தவள் மிஞ்சியிருக்கிறாள்: தலையில் மகுடம், மேலே குடை, ஒரு காலை மடக்கி, முகத்தைச் சற்றே சாய்த்து ஒயிலாக நிற்கிறாள். அந்த மடக்கிய காலைப் பார்த்தாலே எதிரில் நடந்த ஆட்டம் எப்பேர்ப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது.

திரும்பும் வழியில் மயிலம். சூரபத்மன் இங்கே மயில் வடிவ மலையாகத் தவம் கிடந்து முருகனுக்கு வாகனமானான் என்பது தலபுராணம். மயிலைக் கும்பிடும் ஊர்க்காரர்கள் நாம்; அதை ஆடிக் காட்டாமல் இருப்போமா? நையாண்டி மேளத்துக்கு ஆடும் மயிலாட்டத்தில் கூட்டுக்குள் ஆள் நிற்பார். நூலை இழுத்தால் அலகு திறக்கும். பிள்ளைகளுக்கு அலகுதான் வேடிக்கை. எனக்குக் கீழே தெரியும் சலங்கைக் கால்கள்.

தோகையே கட்டாமல் மயிலாக முடியுமா? கேரளத்துப் போர்க்கலையான களரிப்பயிற்றில் முடியும். யானை, சிங்கம், சேவல் என்று விலங்குகளின் நிலைகளை ‘வடிவு’ என்பார்கள்; மயூர வடிவும் அதில் ஒன்று. ஒற்றைக் காலில் உடம்பின் மொத்த எடையும் நிற்கும். சென்னையில் வாழ்ந்த நடனக் கலைஞர் சந்திரலேகா 1985இல் தம் ‘அங்கிகா’ படைப்பில் களரியையும் பரதத்தையும் ஒரே மேடையில் சேர்த்தார். கதையும் ஆபரணமும் பின்னுக்குப் போய் முதுகெலும்பும் மூச்சும் முன்னுக்கு வந்தன. பரதத்தைக் கெடுத்துவிட்டார் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பறவையிடம் இரவல் வாங்க வேண்டியது இறகை அல்ல, அது நிற்கும் விதத்தை என்று அவரைப் பார்த்துத்தான் நான் புரிந்துகொண்டேன்.

மயிலே அதற்குச் சாட்சி. ஆண்மயில் தோகையை விரித்துச் சிலிர்க்கும்போது இறகுகள் நொடிக்குச் சுமார் 25 முறை அதிர்கின்றன. அதன் நடுவே தோகையிலுள்ள நீலக் கண்கள் மட்டும் ஏறக்குறைய அசையாமல் நிற்பதாக 2016இல் ஆய்வாளர்கள் படமெடுத்து அளந்திருக்கிறார்கள். அத்தனை நடுக்கத்திலும் ஓர் அசையாத புள்ளி! எந்த நட்டுவனாரும் கேட்பது இதைத்தானே?

இவ்வளவு பாடுபட்டு ஆடினாலும் பெண்மயில் அந்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட அவனைப் பார்ப்பதில்லையாம். பார்த்தாலும் தோகையின் கீழ்ப்பகுதியைத்தான். பனமலை உமை பரவாயில்லை, ஆயிரத்து முந்நூறு வருடமாகக் கண்ணை எடுக்கவில்லை.

போகிறவர்கள் வெயில் ஏறும் முன் போங்கள். சுவரில் கை வைக்காதீர்கள். மிச்சமிருக்கும் வண்ணம் கொஞ்சம்தான்.

அன்புடன்,
ஆசிரியர்