தமிழின் பக்கத்தில் ஓர் அயல்மொழி

மலேசியாவில் கம்போங் மேடான் என்ற பெயரைக் கேட்டவுடன் 2001 மார்ச் மாதத்து இனக்கலவரத்தின் துயரத்தை மட்டுமே நினைவுகூர்கிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் பெயருக்கு உரிய வேறு காட்சிகளும் இங்கே இருக்கின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் வந்து புறம்போக்கில் குடிசை போட்டு வாழ்ந்து, பிறகு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கு மாறிய குடும்பங்களின் பிள்ளைகள் மாலை வேளைகளில் கூடிப் படிக்கும் கீழ்த்தளம் ஒன்றில், சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டாம் படிவத்தில் பயிலும் ஒரு சிறுமி தன் பயிற்சிப் புத்தகத்தை என்னிடம் காட்டினாள். இடப்பக்கம் கொரிய எழுத்துக்களை வரிசையாக எழுதி, வலப்பக்கத்தில் ஒவ்வொன்றின் ஒலியையும் க, ந, த, ம, ப என்று தமிழில் குறித்திருந்தாள். தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்து அவளாகவே ஆரம்பித்த படிப்பு. சொல்லிக்கொடுக்க ஆசிரியர் எவருமில்லை. ஆங்கில எழுத்தில் குறிக்காமல் தமிழில் குறித்தது ஏன் என்று கேட்டேன்.

"நம்ம 'ப' மாரியே தான் தாத்தா, எழுத்து ஒண்ணு, சத்தம் ரெண்டு. இங்கிலீஷ்ல எழுதி வச்சா குழப்பமாயிருது" என்றாள்.

அவள் சொன்னது முற்றிலும் உண்மை. 'பால்' என்னும் சொல்லில் ஒருவிதமாகவும் 'தம்பி' என்னும் சொல்லில் வேறு விதமாகவும் ஒலிக்கின்ற பகரத்துக்கு நாம் ஒரே வரிவடிவத்தை வைத்துக்கொண்டிருப்பதைப் போலவே, கொரிய மொழியிலும் சொல்லின் தொடக்கத்தில் வன்மையாக ஒலிக்கும் எழுத்து, இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே வரும்போது தானாகவே இளகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருஷம் படித்த படிப்பு, அந்தப் பள்ளி ஒருநாளும் கற்பிக்காத ஒரு மொழியின் வாசலை அந்தப் பிள்ளைக்குத் திறந்துவிட்டிருக்கிறது. அம்மாவையும் அப்பாவையும் அந்த நாட்டுக் குழந்தைகளும் ஏறக்குறைய நம்மைப் போலவே அழைக்கிறார்கள் என்பதைக் கண்டு அவள் அடைந்த சந்தோஷத்தை நான் இங்கே எழுதிக் காட்ட முடியாது.

இடைநிலைப்பள்ளிகளில் அயல்மொழி கற்பித்தலைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அது நமக்கு எட்டாத விஷயம் என்று நம்மவர்கள் ஒதுங்கிக்கொள்வதை நெடுங்காலமாகப் பார்த்து வருகிறேன். அதற்குக் காரணமும் இல்லாமல் இல்லை. ஜப்பானையும் கொரியாவையும் முன்மாதிரியாகக் கொண்ட கிழக்கை நோக்கும் கொள்கை 1982-இல் அறிவிக்கப்பட்டபின், 1984-இல் ஜப்பானிய மொழி வகுப்புகள் தொடங்கியது முழுமையாகத் தங்கிப் படிக்கும் அரசாங்க விடுதிப் பள்ளிகளில். பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளும் பெரும்பாலும் அத்தகைய பள்ளிகளையே நாடிச் சென்றன. காலையில் பேருந்தேறிப் போய்ப் பிற்பகலில் வீடு திரும்பும் சாதாரணப் பள்ளிப் பிள்ளைக்கு, அதிலும் வாடகை வீட்டில் வாழும் பிள்ளைக்கு, அந்த வாய்ப்பு அரிதாகவே கிட்டியிருக்கிறது. பணமுள்ளவர்கள் பிரிக்பீல்ட்ஸிலோ நகரத்தின் வேறு பகுதிகளிலோ உள்ள மொழி நிலையங்களில் கட்டணம் செலுத்திப் படித்துக்கொள்கிறார்கள். கம்போங் டத்தோ ஹருண் நிலையத்தில் ரயிலேறினால் பிரிக்பீல்ட்ஸ் வெகுதூரம் இல்லை. ஆனால் கட்டணம் தூரமாக இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தேசிய இடைநிலைப்பள்ளியில் குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்து தரப்பட வேண்டும் என்று விதிக்கிறது. அரபு, ஜப்பானிய, ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளையும் பிற அயல்மொழிகளையும், நியாயமாகவும் நடைமுறைக்கு இயன்றதாகவும் இருந்தால் கற்பிக்கலாம் என்று சொல்கிறது. முன்னது 'வேண்டும்'; பின்னது 'லாம்'. தமிழை அயல்மொழிகளின் கூட்டத்தில் வைக்காமல் வேறாக வைத்த இந்த வேறுபாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். ஆயினும், தமிழ் வகுப்பு பள்ளி நேரத்துக்குப் பின்னும் சனிக்கிழமைகளுக்கும் தள்ளிவைக்கப்பட்டு, அயல்மொழி வகுப்பு என்ற பேச்சே எழாமல், உரிமையும் அனுமதியும் ஒன்றுபோலவே ஏட்டில் உறங்கும் பள்ளிகள் உண்டு. இந்தச் சிறுமி படிக்கும் பள்ளியும் அவற்றில் ஒன்று.

பெற்றோர் சொல்லும் ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். மலாய், ஆங்கிலம், தமிழ் என்று மூன்று மொழிகளைச் சுமக்கும் குழந்தையின் தலையில் நான்காவதையும் ஏற்றுவதா, இடைநிலைப்பள்ளி முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பரீட்சையில் ஏற்கனவே தமிழ் எடுத்தால் மொத்தத் தேர்ச்சி குறைந்துவிடும் என்ற பயமிருக்க இன்னும் ஒன்றா என்று கேட்கிறார்கள். எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறுக்கும் தீர்மானம் 2009-இல் வந்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் வெளியே தள்ளப்படுமோ என்று சமூகம் பதறியதும், எதிர்ப்புக்குப் பின் பன்னிரண்டு பாடங்கள் வரை எடுக்க இடம் கிடைத்ததும் அவர்கள் மனத்தில் பசுமையாக இருக்கின்றன. அந்தப் பதற்றம் நியாயமானது. தமிழைக் கைவிட்டு அதன் இடத்தில் ஓர் அயல்மொழியை அமர்த்தும் ஏற்பாடு எதுவாயினும் அதை நானும் எதிர்ப்பேன். நான் கேட்பது தமிழின் பக்கத்தில் ஓர் ஆசனம். அதுவும் பரீட்சைப் பாடமாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம்கூட இல்லாமல், ஒரு வட்டாரத்தின் நான்கைந்து பள்ளிகள் கூடி ஓர் ஆசிரியரை அமர்த்தி, வாரம் இரண்டு பிற்பகல் ஒரே இடத்தில் நடத்தும் இலவச வகுப்பாக இருந்தாலே போதும்.

பல மொழி கற்பது இந்த மண்ணுக்குப் புதிதும் அன்று. மலாக்காவில் பிறந்து, மலாய் மொழியின் நவீன உரைநடைக்கு வழிகாட்டியவர் என்று போற்றப்படும் முன்ஷி அப்துல்லா, சிறுவயதில் தம் தந்தை தம்மைத் தமிழ் படிக்க அனுப்பிய கதையைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்நாளில் மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது பரம்பரை வழக்கமாம். துறைமுகம் நிறைய இந்திய வணிகர்கள் இருந்ததால் கணக்கு வழக்குக்கும் பேச்சுக்கும் அது வேண்டியிருந்தது. அதாவது, ஒரு காலத்தில் இந்நாட்டில் பிறர் பிள்ளைகள் பிரயாசைப்பட்டுக் கற்ற அயல்மொழி நம்முடைய தமிழ். கப்பலும் கடையும் முதலும் மலாயில் இன்றும் கப்பால், கெடாய், மோடால் என்று உலவுவது அந்தப் பழக்கத்தின் மிச்சம்.

இதைவிட அருகிலுள்ள உதாரணம் ஒன்று, கம்போங் மேடானிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்திலுள்ள பந்தாய் பள்ளத்தாக்கில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1960-களில் அதன் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை வகித்த தனிநாயக அடிகள், யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் 1913-இல் பிறந்து, ரோமாபுரியில் படித்து, ஐரோப்பிய மொழிகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்து, அதற்குப் பிறகே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகப் பயின்றவர். அந்த அறிவோடு ஐரோப்பிய நூலகங்களுக்குள் நுழைந்தவருக்கு, 1679-இல் அம்பலக்காட்டில் அச்சாகி உலகம் மறந்துபோன புரோயென்சா பாதிரியாரின் தமிழ் – போர்த்துகீசிய அகராதி வத்திக்கானில் அகப்பட்டது. அது 1966-இல் கோலாலம்பூரிலிருந்து மறுபதிப்பாக வெளிவந்தது; அதே ஆண்டு ஏப்ரலில் முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடும் இதே நகரத்தில் கூடியது. போர்த்துகீசியம் அறியாத ஒருவர் அந்த ஏட்டைக் கையில் எடுத்திருந்தால், ஏதோ ஒரு பழைய புத்தகம் என்று திரும்ப வைத்துவிட்டு வந்திருக்கக்கூடும். தமிழுக்கு அவர் செய்த தொண்டில் கணிசமான பகுதி, அவர் கற்ற பிற மொழிகளின் வழியாகவே நடந்தது என்பதை, அயல்மொழி என்றாலே தாய்மொழிக்கு ஆபத்து என்று அஞ்சும் நண்பர்கள் அமைதியாக எண்ணிப்பார்க்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன்.

தனிநாயக அடிகள் போன்றோர் எல்லாத் தெருவிலும் பிறப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் யார் எந்த வீட்டில் பிறந்திருக்கிறார் என்பதை வகுப்பு நடத்திப் பார்க்காமல் எப்படி அறிவது? விடுதிப் பள்ளியில் இடம் பெற்ற பிள்ளைக்கு மட்டும் ஜப்பானிய மொழி பொருந்தும், அடுக்குமாடிப் பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் தட்டுத்தடுமாறி வந்தால் போதும் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை யாருக்கும் நாம் கொடுத்ததில்லை. கேளாமல் இருந்ததால் அவர்களே எடுத்துக்கொண்டார்கள்.

அந்தச் சிறுமியிடம் சட்டத்திலுள்ள பதினைந்து என்ற எண்ணைச் சொன்னேன். அது தமிழுக்குரிய எண் என்றும், அயல்மொழிக்கு அப்படி ஒரு கணக்கு விதிக்கப்படவில்லை என்றும், எனினும் கேட்பதற்குத் தடையில்லை என்றும் விளக்கினேன். மறுவாரம் அவள் கொண்டுவந்த தாளில், தன் பள்ளியில் படிக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் பதினெட்டுப் பேரின் பெயர்களும், எதிரே பெற்றோரின் கையொப்பங்களும் இருந்தன. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கொடுப்பதற்கான மனுவை அவளே மலாயில் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் கோரிக்கை, தமிழ் வகுப்பைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது. இரண்டாவது, கொரிய மொழி.