பாவமா, நோயா?

1522இல் மன்றேசாவில் புனித இஞ்ஞாசியார் ஏற்கெனவே அறிக்கையிட்ட பாவங்களையே மீண்டும் அறிக்கையிட்டும் அமைதி காணவில்லை. உயிரை மாய்க்கும் எண்ணமும் அவரை வாட்டியது. உங்கள் இல்லத்தில் ஒருவர் ஒரே பாவத்திற்காக நாள்தோறும் குருவை நாடுகின்றாரா? செபத்தில் ஒரு சொல் பிழைத்ததென்று முதலிலிருந்து தொடங்குகின்றாரா? அது விசுவாசக் குறைவன்று. எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். “மன்னிப்புக் கிடைத்துவிட்டது” என ஓயாது தேற்றுவது அந்நோய்க்கே தீனியாகும். குருக்களாகிய நாமும் இதை உணரவேண்டும். அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள். வெறும் ஆறுதல் வார்த்தையன்று, அச்சத்தை எதிர்கொண்டும் அச்செயலை மீண்டும் செய்யாதிருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை கிடைக்குமா என்று கேளுங்கள். மருந்து தரப்பட்டால், பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும், இடையில் நிறுத்தவேண்டாம். பாவசங்கீர்த்தனத்தை ஒரே குருவிடம் செய்யட்டும். அவர் விதிக்கும் எல்லையை வீட்டாரும் காக்கட்டும்.